"சொந்த இடம் எது?" எண்டு என்னை ஒருத்தரும் கேட்டதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வருஷம் என்ர சைக்கிள் களவு போய் பொலிசுக்குப் போனன். நான் தமிழில சொல்லச் சொல்ல அங்க இருந்த பொலிஸ்காரர் சிங்களத்தில எழுதி, வாசிச்சும் காட்டாம கையெழுத்து வை எண்டு நீட்டினார், என்ன எழுதியிருக்கு எண்டு தெரியாமலே வைச்சிட்டு வந்தன். 1956 இல தனிச் சிங்களச் சட்டம் வந்தது, 1987 இல 13ஆம் திருத்தத்தில தமிழும் அரச கரும மொழி எண்டு எழுதியாச்சு, கிளிநொச்சியில இருக்கிற எனக்கு இன்னும் இதுதான் நிலைமை. இதே முறைப்பாட்டை ஒரு சிங்களவர் குடுக்கப் போனா மொழி எண்டு ஒரு தடை நடுவில கிடக்கிறதே அவருக்குத் தெரியவராது. அந்தாள் கெட்டவர் எண்டு நான் சொல்லேல்லை, அதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே அவருக்கு வாறேல்லை, அதுதான் அவருக்கு உழைக்காம கிடைச்சது.

இது எங்கள் எல்லாருக்கும் நல்லா விளங்கும். நான் எழுத வந்தது எங்களுக்கு உழைக்காம கிடைச்சதைப் பற்றி.

என்ர அப்பா அறுபதுகளில சாவகச்சேரிப் பக்கமிருந்து இரணைமடுக் குளத்துக்குக் கீழ காணி எடுத்து வந்தவர். எங்கட வளவுக்குப் பின்னால மேட்டுக்காணியில இருக்கிற அக்காவின்ர தாய் தகப்பன் 1977 கலவரத்தில அடி வாங்கி மலைநாட்டுத் தோட்டமொண்டில இருந்து உடுத்த உடுப்போட வந்தவை. ரெண்டு குடும்பமும் காடு வெட்டினது, ரெண்டு குடும்பமும் யானைக்குப் பயந்து இரவிரவா முழிச்சிருந்தது, மலேரியாவில கிடந்தது. ஆனா என்ர அப்பா "குடியேற்றத்தில வந்தவர்", அவை "தோட்டக்காட்டார்". அந்தச் சொல்லை நானும் சின்னனில சொல்லியிருக்கிறன், வீட்டில ஒருத்தரும் பேசேல்லை. எங்கட பின் சார்வில ஒரு நெளிஞ்ச சில்வர் பேணி தனியாக் கவிழ்த்துக் கிடக்கும், கச்சான் பிடுங்க வாற அக்காவின்ர அம்மாவுக்குத் தேத்தண்ணி அதிலதான், குடிச்சிட்டு அவாவே கழுவிக் கவிழ்த்திட்டுப் போவா. அது ஏன் தனியா எண்டு நான் அம்மாவைக் கேட்டதே இல்லை. சாதி எண்டு சொல்லுவினம் சிலபேர். சனத்தொகைக் கணக்கெடுப்பில "இலங்கைத் தமிழர்" எண்டும் "இந்தியத் தமிழர்" எண்டும் ரெண்டு இனமாத்தானே எழுதிக்கொண்டு வந்தவங்கள், எந்தப் பேரில சொன்னாலும் பேணி ரெண்டுதான்.

1948 இல 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால மலையகச் சனம் நாடில்லாத சனமாச்சு, அடுத்த வருஷம் வாக்கும் போச்சு. அந்தப் பிரச்சினையிலதான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949 இல தமிழரசுக் கட்சி தொடங்கினவர் எண்டதை மேடையில பெருமையாச் சொல்லுறம். பிறகு 1964 இல எங்கட பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இருந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க எண்டு, அந்தச் சனத்தை ஒரு வார்த்தை கேக்காமப் பங்கு பிரிச்சவை. கடைசியா மிஞ்சின ஆக்களுக்குக் குடியுரிமை குடுக்க 2003 ஆச்சு. குடியுரிமை இல்லாத ஆளுக்கு அரச காணிப் பெர்மிட் எடுக்கேலாது. அதால என்ர அப்பா வெட்டின காடு பெர்மிட்டோட வாய்க்கால் தண்ணி பாயுற வயலாச்சு, அவையின்ர தகப்பன் வெட்டினது பெர்மிட் துண்டு ஒண்டும் இல்லாத மேடு, வைகாசியிலேயே கிணறு வத்தத் தொடங்கும்.

போன மாசம் நானும் அக்காவும் ஒண்டாத்தான் ஒரு ஒபிசுக்குப் போனனாங்கள், நான் 2009 இல துலைஞ்ச அப்பாவின்ர பெர்மிட்டுக்குக் கொப்பி எடுக்க, அவா தன்ர பெர்மிட் விண்ணப்பம் என்னாச்சு எண்டு கேக்க. ஒரு கதிரைதான் கிடந்தது. "இருங்கோ அம்மா" எண்டார் அங்க இருந்த உத்தியோகத்தர், நான் இருந்தன். அப்பாவின்ர பேரைக் கேட்டு லெட்ஜரைப் புரட்டிக் கால்மணித்தியாலத்தில எடுத்துத் தந்திட்டார். பிறகு அக்கா "ஐயா, ஒரு விஷயம் கேக்கணுங்க" எண்டா, அவ்வளவுதான், அந்த "கேக்கணுங்க" காதில விழுந்த உடன அவரின்ர முகம் மாறிச்சு. "நீ எங்க இருந்து வாறாய்?" என்னை விட ஆறு வயசு மூத்த மனிசி, "நீ". பக்கத்து ஊர்ப் பேரைச் சொன்னா. "அது இல்லை, சொந்த இடம்?" "இங்கதாங்க பொறந்தேன்." "தாய் தகப்பன்ர இடம்?" எண்டு விடாமக் கேட்டு, பைல் பார்க்க வேணும் பிறகு வா எண்டு அனுப்பினார். என்ர அப்பாவும் வேற இடத்தில இருந்துதானே வந்தவர், அதை எனக்கிட்ட அவர் கேக்கேல்லை. முழங்கால் நோவோட அக்கா நிண்டுகொண்டிருக்க நான் கதிரையில இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தன், ஒரு வார்த்தை கதைக்கேல்லை. பொலிசில எனக்குக் கொதிச்ச கொதி அங்க எனக்கு வரேல்லை, வீட்டை வந்து இரவு படுத்தாப் பிறகுதான் வந்தது.

இப்ப இதைக் கிளறினாத் தமிழர் பிரிஞ்சு போவினம் எண்டு என்ர தம்பியே சொல்லுறான். 2009 இல கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில ஒரே பங்கருக்குள்ளதான் ரெண்டு குடும்பமும் கிடந்தது, அக்காவின்ர மூத்தவன் எட்டு வயசில அங்கதான் செத்தவன். மெனிக்பாம் அகதி முகாமில ஒரே வாளியோட ஒரே லைனில நிண்டனாங்கள். திரும்பி வந்து வீட்டுத்திட்டம் வந்த நேரம் காணிக்குத் துண்டு எங்க எண்டு கேட்டவை, என்ர பேர் முன்னுக்கும் அவாவின்ர பேர் பின்னுக்கும் போச்சுது, எனக்கு அஞ்சரை லட்சம் வந்து கல்வீடு எழும்பி நாலு வருஷத்துக்குப் பிறகும் அவா தகரத்துக்குக் கீழ இருந்தவா. நான் எழுதித்தான் இதில பிரிவினை வருமெண்டால், அந்த நாலு வருஷத்துக்கு என்ன பேர்?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பாரதிபுரம், மலையாளபுரம் மாதிரி ஊர்களுக்கு உங்கட நிருபர் ஒருத்தரை அனுப்புங்கோ, எலெக்சன் நேரத்தில இல்லாம ஒரு கோடையில, பெர்மிட் இல்லாம எத்தினை குடும்பம் இருக்கு எண்டு வீடு வீடாக் கேட்டு எழுதட்டும்.

அக்காவின்ர பைல் இன்னும் அங்கதான் கிடக்கு. வாற திங்கள் ரெண்டு பேரும் திரும்பப் போறம், இந்த முறை கதிரையில அவாதான் இருப்பா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளிநொச்சி