ஒரு சொல்லும் 155 ஆண்டுகளும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. தேர்வுத்தாள் திருத்தும் வேலையில் உட்கார்ந்து எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து மனம் குளிர்ந்தது.

பத்தாம் வகுப்புக்கு வரலாற்றையும் குடிமையியலையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று கேட்டிருந்தாய். உரிமைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு உரிமையும் யாருக்கு எப்போது கிடைத்தது, அதுவரை யார் வெளியே நின்றார்கள் என்று பிள்ளைகளையே தேடவிடுகிறேன்.

போன வாரம் 1789-இன் பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தை எடுத்தோம். சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறவர்கள் யார் என்று முதல் பிரிவு ஒரு சொல்லால் சொல்கிறதல்லவா, அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் மனிதர்கள் என்றும் பொருள், ஆண்கள் என்றும் பொருள். இதைச் சொன்னதும் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எழுதினவங்க எதை நினைச்சு எழுதினாங்க டீச்சர்?"

நான் பதில் சொல்லவில்லை. பலகையில் இரண்டே வரி எழுதினேன். 1791: ஒலிம்ப் தெ கூஜ் என்ற பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் பெண்களுக்கென்று தனியாக ஒரு பிரகடனம் எழுதுகிறார். 1944: பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை. அவள் 1944-இலிருந்து 1789-ஐக் கழித்து நோட்டின் ஓரத்தில் 155 என்று எழுதினாள். அதற்குக் கீழே இரண்டு கோடு. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

1948-இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் உருவானபோதும் வரைவில் 'ஆல் மென்' என்றுதான் இருந்தது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடாமல் வாதாடி அதை 'மனிதப் பிறவியர் அனைவரும்' என்ற பொருள் வரும்படி மாற்றவைத்தார். வகுப்பு கைதட்டியது.

அப்புறம் சுவிட்சர்லாந்து. பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-இல் நாடு தழுவிய வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971-இல் மறுபடி கேட்டபோது, கிட்டத்தட்ட அதே அளவினர் சரி என்றார்கள். ஒரு பையன் கேட்டான்: "ஓட்டே இல்லாதவங்க, ஓட்டு இருக்கிறவங்க மனசை எப்படி மாத்தினாங்க?" குடிமையியல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட கேள்வி இதுதான்.

பாடத்தில் ஒரு வாரம் பின்தங்கிவிட்டேன், பரவாயில்லை. நாளைக்கு 1969-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாக்குரிமை கேட்டுப் பெண்கள் நடத்திய பேரணியிலிருந்து தொடங்கப்போகிறோம். நீயும் உன் வகுப்பில் அந்தப் பையனின் கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி