பை இல்லை என்று சொல்லத் தெரியாமல்

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. வாக்கர் இல்லாமல் டீக்கடை வரைக்கும் போய்விட்டார் என்றால் இனி அவரை வீட்டில் பிடித்து உட்கார வைக்க உன்னால் ஆகாது. இங்கே வில்னியுஸில் ஏப்ரல் பிறந்தும் காலையில் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலை எப்போதும் போல. ஒரே புதுச் செய்தி, லிதுவேனிய மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன், வாரம் இரண்டு நாள் சாயங்காலம். நாற்பதுக்கு மேல் இது உனக்குத் தேவையா என்று நீ கேட்பாய். பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாட நேரத்தில் ஜன்னல் வழியாகக் குதித்தவன் நான், நீயோ இன்றைக்கு அதே இலக்கணத்தை நடத்துகிற தமிழய்யா. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன், வேறு யாரிடம் சொன்னாலும் கொட்டாவி விடுவார்கள்.

முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவராக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது, எனக்குப் பல் தந்தியடித்தது. ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் பார்த்த மூன்று வார்த்தையை ஒட்டி, "அஷ் எஸு ஷால்த்தஸ்" என்றேன். அஷ் என்றால் நான், எஸு என்றால் இருக்கிறேன், ஷால்த்தஸ் என்றால் குளிர்ந்த. பக்கத்தில் இருந்த போலந்துக்காரர் சிரித்துவிட்டார். நான் சொன்னது, தொட்டால் சில்லென்று இருக்கிற ஆள், அல்லது மனசில் ஈரமில்லாத ஆள் என்று ஆகிவிடுமாம். டீச்சர் போர்டில் எழுதினார்: "மன் ஷால்த்த." மன் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது! இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போய் ஏன் தொலைக்க வேண்டும் என்று என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

அதோடு விடவில்லை. பிடிக்கும் என்றால் "மன் பத்தின்க", எனக்குப் பிடிக்கும். தலைவலி என்றாலும் "மன்" தான் முதலில் வரும். வயது சொல்ல வேண்டுமென்றால் எனக்கு இத்தனை வயது என்று நாம் சொல்கிற அதே மாதிரி. உன் நான்காம் வேற்றுமை பால்டிக் கடலோரத்தில் உட்கார்ந்திருக்கிறது மாப்ளே. பாடப்புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் மண்டைக்குள் தமிழில்தான் ஓட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வினைச்சொல் நான் பயந்த அளவுக்கு இல்லை. எய்னு, போகிறேன். எய்னி, போகிறாய். எய்னமெ, போகிறோம். எய்னத்தெ, போகிறீர்கள். விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் நான், நீ என்று முன்னால் போடாமலே பேசலாம், நம்மைப் போலத்தான். படர்க்கையில் இன்னும் சுகம்: போகிறான், போகிறாள், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே "எய்ன". நம் பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால் உனக்குத் திருத்த வேண்டிய நோட்டு பாதியாகக் குறையும். ஆனால் இந்தப் போவது கால்நடையாகப் போவது மட்டும்தான், வண்டியில் போக வேறு வினை. சனிக்கிழமை கௌனஸுக்கு "எய்னு" என்று ஆபீஸில் சொன்னேன். நடந்தா, நூறு கிலோமீட்டரா என்று கேட்டார்கள்.

நான், நீ, அவன் என்கிற மூவிடப்பெயர்கள்தான் படுத்துகின்றன. நீ என்பதற்கு து, நீங்கள் என்பதற்கு யூஸ், இதில் சிக்கலில்லை, மரியாதையும் பன்மையும் ஒரே சொல்லில் வருவது நமக்குப் பழக்கம்தானே. அவன் யிஸ், அவள் யி. பெயர்ச்சொல்லில் அஃறிணை என்று ஒன்று கிடையாது, மேஜை அவன், புத்தகம் அவள். அவர்கள் என்பதிலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இதையெல்லாம் விட என்னைத் திணறடித்தது "மெஸ்". போன வாரம் மத்தியானம் ஆபீஸில் நாலு பேர் கோட்டை மாட்டிக்கொண்டு, "மெஸ் எய்னமெ வால்கீத்தி" என்றார்கள். சாப்பிடப் போகிறோம் என்பது புரிந்தது. நாங்கள் போகிறோமா, நாம் போகிறோமா? மெஸ் இரண்டுக்கும் ஒன்றுதான். நான் ஸ்க்ரீனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், அவர்களில் ஒருத்தி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அரை நிமிடம் கழித்துத்தான் ஓஹோ இது நாம் என்று உறைத்தது. நாம், நாங்கள் வித்தியாசத்தை நீ வகுப்பில் சொல்லும்போது இதை உதாரணமாக வைத்துக்கொள். ஆனால் அவர்களிடம் வேறொன்று இருக்கிறது, "முது", நாம் இரண்டு பேர் மட்டும். பழைய இருமை வடிவம், பேச்சில் குறைந்துவருகிறது என்றார் டீச்சர். எனக்கு உடனே நாம் சைக்கிளில் டபுள்ஸ் போனது ஞாபகம் வந்தது.

சொல் வரிசையை ரொம்பக் கட்டாயப்படுத்துவதில்லை, வேற்றுமை உருபு ஒட்டியே இருப்பதால் முன்னே பின்னே போட்டாலும் யார் யாரை என்று குழம்பாது. பொதுவாக வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள். ஆனால் அது என்னை, உன்னை என்று மூவிடப்பெயராக வந்தால் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஏறிக்கொள்கிறது: "அஷ் தவெ மீல்யு", நான் உன்னைக் காதலிக்கிறேன், சொல்லுக்குச் சொல் தமிழ். (யாரிடமும் சொல்லவில்லை, உன் தங்கச்சியிடம் போட்டுக் கொடுத்துவிடாதே.) அண்ணனுடைய வீடு என்பதிலும் அண்ணன்தான் முன்னால். தன் புத்தகம், அவன் புத்தகம் என்று நாம் பிரிக்கிற மாதிரி அவர்களும் ஸவோ, யோ என்று பிரிக்கிறார்கள். ஆனால் எனக்கு, உனக்கு என்று எல்லாருக்கும் அந்த ஸவோவைப் போட்டுவிடுகிறார்கள், என் புத்தகத்தைப் படிக்கிறேன் என்பதற்குக்கூட. அது இன்னும் வாயில் வரவில்லை.

இனி என் மானம் போன கதை. வீட்டுக்குப் பக்கத்துச் சந்தையில் வெள்ளரிக்காய் வாங்கினேன். கடைக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், தலையில் ஸ்கார்ஃப், "அர் துரித்தெ மய்ஷெலீ?" என்றார். பை இருக்கிறதா? இந்த "அர்" நம் கேள்வி ஆகாரம்தான், கடைசியில் ஒட்டாமல் முதலில் வந்து நிற்கிறது. நான் அவர் சொன்னதையே பிடித்து, "நெ, நெதுர்யு மய்ஷெலீ" என்றேன். அம்மா வெள்ளரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு விரலை ஆட்டினார்: "மய்ஷெல்யோ!" பின்னால் வரிசை நிற்கிறது. நான் திரும்பச் சொல்கிற வரைக்கும் விடவில்லை. விஷயம் இதுதான், ஒன்றை வைத்திருக்கிறேன் என்றால் இரண்டாம் வேற்றுமை, வைத்திருக்கவில்லை என்றால் அது ஆறாம் வேற்றுமைக்கு மாறிவிடும். இல்லாத பொருளுக்குத் தனி உருபு! இதற்கு நம்மிடம் ஜோடி கிடையாது, தமிழில் யோசிக்கிற என் சாமர்த்தியம் இங்கே வந்து படுத்துவிட்டது.

வகுப்பில் இதைச் சொன்னபோது டீச்சருக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏன் என்றும் சொன்னார்: 1864 முதல் 1904 வரை, ரஷ்ய ஜார் ஆட்சியில், லத்தீன் எழுத்தில் லிதுவேனியப் புத்தகம் அச்சடிக்கத் தடை. எல்லைக்கு அப்பால் ஜெர்மானியர் ஆண்ட பிரஷ்யாவில் அச்சடித்து, ராத்திரியில் எல்லை தாண்டி முதுகில் சுமந்து கொண்டுவந்திருக்கிறார்கள், மாட்டியவர்களைச் சைபீரியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கௌனஸில் சிலை இருக்கிறது, மார்ச் 16 அவர்களுடைய நாள். ஒரு உருபுக்கு வரிசையை நிறுத்தியதில் எனக்கு இப்போது வருத்தமில்லை.

அப்பாவுக்கு ஒரு பழமொழி சொல்: "தியெவஸ் தவே தந்திஸ், துவோஸ் இர் துவோனோஸ்." தேவன் பல்லைக் கொடுத்தான், ரொட்டியும் கொடுப்பான். தியெவஸில் தேவனும் தந்திஸில் தந்தமும் அவருக்கே காதில் விழும், மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று பதிலும் சொல்வார் பார்.

சரி, மணி பதினொன்று ஆகிவிட்டது. சனிக்கிழமை சந்தைக்குப் போகிறேன், வெள்ளரிக்காய் வாங்க. வீட்டில் நாலைந்து துணிப்பை தொங்குகிறது, ஒன்றையும் எடுத்துப் போகப்போவதில்லை.

உன் பழைய கடைசி பெஞ்சுக் கூட்டாளி