கேட்டுக்கொண்டிருக்கும் முகங்கள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் வற்புறுத்தலால் நீயும் கொரிய நாடகங்கள் பார்க்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இத்தனை காலமும் இவற்றைப் பற்றி மனம் விட்டுப் பேச என் வயதில் எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. மொழி தெரியாமல், திரையின் அடியில் ஓடும் வரிகளைப் படித்துக்கொண்டே பார்க்கும் நாம், ஒருவர் நன்றாக நடிக்கிறார் என்பதை எதைக் கொண்டு தீர்மானிக்கிறோம் என்று கேட்டிருந்தாய். நானும் பலநாள் யோசித்த கேள்விதான் அது. பேசுகிறவரை விட்டுவிட்டு, அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பார் என்பதே என் பதில். வசனம் எழுத்தாளர் கொடுத்தது. அதைக் கேட்கும்போது முகத்தில் நிகழ்வது மட்டும் முழுக்க முழுக்க நடிகருடையது. சீன, கொரிய நாடகங்களில் சிறந்தவை எல்லாம் கேட்பவரின் முகத்தில் கேமராவை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருக்கின்றன. நான் அவற்றிடம் மனம் கொடுத்தது அதனால்தான்.

இதற்கு 2018-இல் வந்த 'மை மிஸ்டர்' தொடரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கடன்காரர்களுக்குப் பயந்து வாழும் ஓர் இளம்பெண், தன் அலுவலகத்தில் வேலை செய்யும் நடுவயதுப் பொறியாளரின் கைப்பேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறாள். பணத்துக்காகச் செய்கிற காரியம் அது. ஆனால் அவருடைய காலடி ஓசை, பெருமூச்சு, இரவில் அண்ணன் தம்பியோடு குடித்துக்கொண்டு பேசும் பேச்சு ஆகியவற்றை நாள்தோறும் கேட்டுக் கேட்டு, இப்படியும் ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று அவள் மனம் மெல்ல மாறுகிறது. அந்தப் பெண்ணாக நடித்த ஐயூ, 2008-இல் பாடகியாக அறிமுகமாகி நாடு முழுவதும் கொண்டாடப்பட்டவர். இந்தத் தொடரிலோ பெரும்பாலான நேரம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒருவரைக் கொன்றவள் என்பது அந்தப் பொறியாளருக்குத் தெரியவரும் காட்சியை நீ தவறவிடக் கூடாது. அவள் இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்று அவர் எதிராளியிடம் கத்துவது, எங்கோ தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அவள் காதில் விழுகிறது. அதுவரை கல்லைப் போல வைத்திருந்த அந்த முகம் உடைந்து, அவள் அங்கேயே குந்தி அழுகிறாள். அத்தனை பகுதிகள் அழாமல் சேர்த்துவைத்ததனால் அல்லவா அந்த அழுகைக்கு அவ்வளவு கனம் வந்தது!

பொறியாளராக நடித்த லீ சன் கியூனைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னமும் மனம் கனக்கிறது. 2023 டிசம்பரில் தம் நாற்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது உனக்குத் தெரியும். திரையைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நாட்களில், என் மகள் இந்தத் தொடரை ஓடவிட, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அந்த ஆழ்ந்த குரலில் களைப்பு எந்த இடத்தில் கோபமாகிறது, கோபம் எந்த இடத்தில் தன்னையே நொந்துகொள்வதாகிறது என்பது தெளிவாகக் கேட்டது. கதையில் அந்தப் பெண் அவரை அறிந்துகொண்டதும் இப்படித்தானே என்று அப்போது தோன்றியது. கடைசிப் பகுதியில், ஆளில்லாத வீட்டில் தனியாக இருக்கும் அவர் அடக்கமாட்டாமல் விம்மி அழும் காட்சியை நான் அதற்குப் பின் இன்னும் பார்க்கத் துணியவில்லை.

கொரியர்கள் தங்கள் மூத்த நடிகைகளுக்குக் கொடுக்கும் இடத்தை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. கிம் ஹே ஜா 1941-இல் பிறந்தவர். 1980 முதல் 2002 வரை ஓடிய ஒரு கிராமத்துத் தொடரில் அம்மாவாக நடித்து அந்த நாட்டுக்கே அம்மாவாகக் கருதப்பட்டவர். அவரை 2019-இல் 'தி லைட் இன் யுவர் ஐஸ்' என்ற பன்னிரண்டு பகுதித் தொடரின் நாயகியாக்கினார்கள். ஒரே இரவில் கிழவியாகிவிட்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கதை. தோழிகளோடு உட்கார்ந்து உதட்டைச் சுழிப்பதும், அண்ணனோடு மல்லுக்கட்டுவதும், படியேறும்போது முழங்கால் ஏன் இப்படி வலிக்கிறது என்று திகைப்பதும், இளமையைக் கேலிச்சித்திரமாக்காமல் உள்ளிருந்து எழுகின்றன. இளமைக் காலத்துப் பெண்ணாக நடித்த ஹான் ஜி மின்னின் அசைவுகளை இவர் எடுத்துக்கொண்டாரா, இவருடையதை அவர் எடுத்துக்கொண்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கதையின் பின்பாதியில் ஒரு திருப்பம் வருகிறது. அதை நான் எழுதமாட்டேன். அதை அறிந்த பின் முதலிலிருந்து பார்த்தால், அவருடைய ஒவ்வொரு திகைப்புக்கும் இன்னொரு காரணம் இருந்தது புரியும். ஒரே முகபாவம் இரண்டு கதைகளுக்கும் பொருந்தும்படி நடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார். அந்த ஆண்டு பெக்சாங் விருது விழாவில் தொலைக்காட்சிக்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது. வசனப் புத்தகத்திலிருந்து கிழித்து வந்திருந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தொடரின் இறுதி உரையையே அவர் மேடையில் சொல்ல, எதிரே இருந்த நடிகர்கள் அழுதார்கள்.

யோம் ஹே ரானையும் நீ மறவாமல் கவனிக்க வேண்டும். 'தி குளோரி'யில் கணவனிடம் அடிபட்டும் சிரிப்பை விடாத பெண்ணாக வந்தவர், 2025-இல் வெளியான 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' தொடரில் ஜெஜு தீவில் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுக்கும் தாயாக வருகிறார். சில பகுதிகளோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. ஆயினும் மிச்சமுள்ள பகுதிகளிலெல்லாம் அவர் இருப்பதாகவே நமக்குப்படுகிறது. அதே தொடரில் நாயகனின் இளமையைப் பார்க் போ கம்மும், முதுமையைப் பார்க் ஹே ஜூனும் நடித்தார்கள். இருவருக்கும் முகச்சாயல் ஒன்றில்லை. மனைவி பேசும்போது வாய் திறவாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பார்வையை மட்டும் இளையவரிடமிருந்து மூத்தவர் வாங்கிக்கொண்டார். ஒரே மனிதன் என்று நம்புவதற்கு நமக்கு அது போதுமானதாக இருக்கிறது. 'மை மிஸ்டர்' தொடரில் துறவியாக வரும் நண்பரும் இந்தப் பார்க் ஹே ஜூன்தான். அடையாளம் தெரிகிறதா என்று பார்.

சீன நாடகங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றை அணுகுவதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும். 2011-இல் வந்த 'எம்ப்ரஸஸ் இன் த பேலஸ்' மட்டுமே எழுபத்தாறு பகுதிகள். சிங் வம்சத்து யோங்ஜெங் பேரரசரின் அந்தப்புரம் களம். அங்கே உணர்ச்சியை வெளிக்காட்டினால் தலை போகும் என்பதால், ஒவ்வொரு நடிகையும் மனத்தில் ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக இரண்டு பாத்திரங்களை நடிக்க வேண்டியிருக்கிறது. பேரரசியாக வரும் சாய் ஷாவ்ஃபென் புன்னகை மாறாமல் ஒருத்தியின் அழிவைக் கேட்டுக்கொள்வார். நாயகி சுன் லி, வெகுளியான பெண்ணாக நுழைந்து, பகுதிக்குப் பகுதி கண்களைச் சிறிது சிறிதாக அணைத்துக்கொண்டே போகிறார். எந்த இடத்தில் அவள் மாறினாள் என்று சுட்டிக்காட்ட நான் முயன்று தோற்றிருக்கிறேன். ஆயினும் என் மனத்தை அள்ளியவர் ஹுவா என்ற ஆணவம் பிடித்த இளையராணியாக வரும் ஜியாங் சின். தனக்குப் பிள்ளை பிறக்காமல் போனது அரசர் அன்போடு கொடுத்த நறுமணப் பொருளால்தான் என்று அவள் கடைசியில் அறிகிறாள். அதுவரை நாம் வெறுத்த ஒருத்திக்காக நம்மை அழவைப்பது எளிய காரியமல்ல.

அந்தத் தொடரில் சுன் லிக்குக் குரல் கொடுத்தவர் ஜி குவான்லின் என்ற குரல் கலைஞர். சீனத் தொடர்களில் இது பரவலான வழக்கம். படப்பிடிப்புத் தளங்களில் பக்கத்துக்குப் பக்கம் வேலை நடப்பதால் ஒலியைத் தூய்மையாகப் பதிவது கடினம், ஹாங்காங் போன்ற இடங்களிலிருந்து வரும் நடிகர்களின் உச்சரிப்பும் வேறுபடும். இரவல் குரலில் நாயகிகள் பேசி வளர்ந்த நம் தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குரல் வேறொருவருடையது என்று அறிந்த பின் சுன் லியின்மீது எனக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. முகமும் குரலும் இவ்வளவு இசைந்து போக இருவரும் எப்படி உழைத்திருக்க வேண்டும் என்றே எண்ணினேன்.

2015-இன் 'நிர்வானா இன் ஃபயர்' தொடரில் ஹு கே நடித்த பாத்திரம், முகமும் பெயரும் மாறி, உயிர்த் தோழனான இளவரசனின் எதிரிலேயே அந்நியனாக அமர்ந்திருக்கும் ஒருவன். யோசிக்கும்போது விரல்களால் துணியோரத்தைத் தேய்க்கும் சிறுவயதுப் பழக்கம் மட்டும் அவனிடம் மாறாமல் இருக்கிறது. அதை அவர் ஒருபோதும் அழுத்திக் காட்டுவதில்லை. ஹு கே 2006-இல் நேர்ந்த கார் விபத்தில் முகத்தில் கடுமையாகக் காயம்பட்டவர் என்பதை அறிந்த ரசிகர்களுக்கு, பழைய முகத்தை இழந்தவனின் கதை எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் நான் புகழ்வதாக நினைத்துவிடாதே. தோல் மழமழவென்று தெரிய வடிகட்டிகள் போட்டு, கோபத்துக்குக் கண்ணை அகலத் திறந்தும் சோகத்துக்கு ஒரு துளிக் கண்ணீர் விட்டும் ஒப்பேற்றும் காதல் தொடர்கள் இரு நாட்டிலும் ஏராளம். அவற்றில் நடிப்பதற்கு முகமே இல்லை. அவற்றை விட்டுவிட்டு 2023-இல் வந்த 'தி லாங் சீசன்' பார். வடகிழக்குச் சீனத்தில் ஓர் இரும்பாலை நகரம், 1990-களின் ஆட்குறைப்பு, ஒரு கொலை, மகனை இழந்த ஒரு தந்தை. அந்தத் தந்தையாக வரும் ஃபான் வெய் அதே வடகிழக்கின் ஷென்யாங் நகரத்தவர். புத்தாண்டு நிகழ்ச்சிகளில் நகைச்சுவைக் குறுநாடகங்கள் நடித்து மக்களைச் சிரிக்கவைத்தவர். நெஞ்சை நிமிர்த்தி ரயில் எஞ்சின் ஓட்டும் கர்வியையும், பதினெட்டு ஆண்டுகள் கழித்து டாக்சி ஓட்டும் முதியவரையும் அவரே நடிக்கிறார். ஒப்பனையைவிட நடையில்தான் அந்த வயது தெரிகிறது. முதியவர் அதிகம் சிரிக்கிறார், எளிதில் விட்டுக்கொடுக்கிறார்; இழந்தவர்களிடம் அப்படி ஒரு மென்மை வருவதை நாம் நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். இறுதியில் அவர் தம் இளமைக்காலத்து ரயிலின் பக்கமாக ஓடிக்கொண்டே, முன்னால் பார், திரும்பிப் பார்க்காதே என்று கத்துகிறார். நகைச்சுவை நடிகரின் குரல் வீச்சு முழுவதும் அந்தக் கூவலில் இருக்கிறது.

முதலில் எதைப் பார்ப்பது என்று நீ குழம்ப வேண்டாம். 'தி லாங் சீசன்' பன்னிரண்டு பகுதிகள்தான். அதில் தொடங்கி, பிறகு 'மை மிஸ்டர்' பார். அந்தப்புரத்துக் கதையைப் பேத்தியின் விடுமுறைக்கு வைத்துக்கொள். உன் பேத்தி எந்தத் தொடரில் உன்னை இழுத்துவிட்டாள் என்று நீ எழுதவே இல்லை. அதில் உனக்குப் பிடித்த நடிகர் யார், எந்தக் காட்சியில் என்பதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி