“தமிழர் – கலா”: கோயில் தமிழ்ப் பள்ளிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு நீங்கள் அச்சடித்துக் கொடுத்த தமிழ்–பர்மியச் சொற்கோவை பற்றி நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டையும் அலுவலகப் பெட்டியில் போட்டேன். பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில் நின்றபோது உங்களில் ஒருவர், “ஊரே சொல்றதைத்தானேம்மா போட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அதனால்தான் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதினான்காம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. “தமிழர் – கலா”. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல் இந்தப் பர்மாவில் எப்படிப் பேசப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கூன் தெருவில் அதைக் கேட்காமல் வளர்ந்த தமிழன் யார்? ஆனால் என் வீட்டில் அது இன்னொரு விதமாகவும் இருக்கிறது. என் மகளின் பெயர் கலா. மாமியார் கலாவதியின் நினைவாக வைத்த பெயர். ஒன்பது வயது.

பர்மியப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘மா’ போட்டுக் கூப்பிடுவார்கள். அப்படி வருகைப் பதிவில் இவள் ‘மா கலா’. பின்வரிசைப் பையன்களுக்கு அதைத் திருப்பிப்போட ஒரு நாள்கூட ஆகவில்லை. ‘கலாமா’. பர்மியத்தில் பின்னால் வரும் ‘மா’ பெண்பால். இந்தியக்காரி என்று அர்த்தம், அதுவும் மரியாதையில்லாமல். அப்புறம் பாருங்கள், பிறந்த நாளிலிருந்து நான் அவளைக் கொஞ்சிக் கூப்பிடுவது ‘கலாம்மா’ என்றுதான். ஓசை கிட்டத்தட்ட ஒன்றே. கடைத்தெருவில் ஒருநாள் வழக்கம்போல “கலாம்மா, இங்க வா” என்று கூப்பிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்து, “வெளியில அப்படிக் கூப்பிடாதம்மா” என்றாள். இப்போது தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “ஏய்” என்கிறேன்.

சரி, பர்மியப் பள்ளியில் சிரிப்பார்கள், தமிழ் வகுப்புக்கு வந்தால் தன் பெயர் தன் பெயராக இருக்கும் என்றுதான் ஞாயிறுதோறும் உங்களிடம் அனுப்புகிறேன். அங்கே கொடுத்த புத்தகத்திலும் அதே. அன்று ராத்திரி அந்த வரியை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அச்சு மை அழியுமா? தாள்தான் கிழிந்தது. பின்பக்கத்தில் ‘தயிர்’ இருந்த இடத்தில் இப்போது ஓட்டை.

சொற்கோவை போடுகிறவர்கள் சொல்லைக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். பர்மியர் அதைக் ‘கலா’ என்று சொன்னாலும் எழுதுவது ‘குலா’ என்று. பழைய பர்மிய அரசான பகான் காலக் கல்வெட்டுகளிலேயே மேற்கிலிருந்து வந்தவர்களைக் குறிக்க ‘குலா’ இருக்கிறது. நம் ‘குலம்’ என்ற சொல்லோடு அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. ‘கூ’ என்றால் கடப்பது, ‘லா’ என்றால் வருவது, கடல் கடந்து வந்தவன் என்று பிரித்துச் சொல்வது டீக்கடை விளக்கம். இந்தியில் கருப்பு நிறத்தைக் ‘காலா’ என்பதால் அதிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். அப்படியானால் எழுத்தில் ‘கு’ ஏன் வந்தது என்று அவர்கள் யோசிப்பதில்லை. வெள்ளைக்காரனையும் இந்த ஊர் ‘கலாபியூ’, அதாவது வெள்ளைக் கலா என்றுதான் சொன்னது. ஆக, முதலில் அது தோலின் நிறமும் இல்லை, வசவும் இல்லை. மேற்கேயிருந்து வந்தவன், அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை தாய்லாந்தில் இருக்கிறது. அங்கே வடகிழக்கில் ஐந்து மாகாணங்களில் பரந்து கிடக்கும் ஒரு வெளிக்குப் பெயர் ‘துங் குலா ரோங்ஹாய்’. குலாக்கள் அழுத வெளி என்று பொருள். தண்ணீரில்லாமல் அதைக் கடக்க முடியாமல் அழுத வியாபாரிகளின் கதை. யார் அந்தக் குலாக்கள்? இந்தப் பர்மாப் பக்கத்திலிருந்து போன ஷான், தௌந்தூ இனத்துக்காரர்கள். கம்போடியாவின் பைலினில் ரத்தினக்கல் தோண்டப் போய்த் தங்கிவிட்ட பர்மா வழிவந்தவர்களுக்கும் ‘கொலா’ என்றே பெயர். எல்லை தாண்டினால் இவர்களும் குலாதான்! பின்வரிசைப் பையன்களுக்கு இதை யார் சொல்வது?

எழுத்துக் கூட்டிப் படித்தால் அதே ஒலி வேறு ஊர்களில் வேறு என்னென்னவோ. பின்லாந்தில் ‘கலா’ என்றால் மீன். ஹவாய் மொழியில் மன்னித்து விடுவது. நமக்குக் கலை, நிலவின் பதினாறில் ஒரு பங்கு. ஒன்றுக்கொன்று உறவில்லை, ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறது. மகளிடம் சொன்னேன். மன்னிப்பை அவள் கண்டுகொள்ளவில்லை. மீன் பிடித்துவிட்டது. இப்போது நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மீன் வரைகிறாள்.

சொல்லையே ஒழிக்கச் சொல்லவில்லை. எனக்கு மசாலாக் கடை. கொண்டைக்கடலைக்கு இங்கே பெயரே ‘கலாபெ’. நாள் முழுக்க அதைச் சொல்லித்தான் வீசைக் கணக்கில் விற்கிறேன், பிள்ளைக்குப் பென்சில் வாங்குகிறேன். 2017-ல் பேஸ்புக் இந்தச் சொல்லைத் தடுத்தபோது கொண்டைக்கடலையைப் பற்றி எழுதியவர்களின் பதிவும் சேர்ந்து போனது. அந்த மாதிரி முட்டாள்தனம் எனக்கு வேண்டாம். கடலை கலாபெயாகவே இருக்கட்டும். தமிழர் மட்டும் தமிழராக இருக்கட்டும். ‘தமீ லூமியோ’, அதாவது தமிழ் இனத்தார் என்று போடுங்கள். பர்மியருக்கு நன்றாகவே புரியும்.

நாற்காலிக்குப் பர்மியத்தில் ‘கலாதைங்’. கலா உட்காருவது என்று பிரிக்கலாம். அதில் வசதியாக உட்கார்ந்துதானே இந்தப் புத்தகத்துக்கு ஒப்புதல் கொடுத்தீர்கள்? கோபுரத்துக்கு வண்ணம் பூச மூன்று கூட்டம் நடந்தது, நீலமா பச்சையா என்று. ஒலிபெருக்கி வாங்க ஒரு கூட்டம். பிள்ளைகள் கையில் போகும் புத்தகத்தை அச்சுக்கு முன்னால் ஒருவராவது கடைசிவரை படித்தீர்களா? 1964-ல் மற்ற இந்தியர்கள் பலரைப்போல ஊருக்குக் கப்பலேறாமல் இங்கேயே தங்கிய குடும்பம் எங்களுடையது. அந்தச் சொல்லைக் கேட்டும் தங்கியவர்கள். அதை நம் கோயில் முத்திரையோடு வாங்கிக்கொள்ளத் தங்கவில்லை.

கொஞ்சம் கடுமையாகிவிட்டது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் போட உழைத்தவர்கள் சம்பளம் வாங்காமல் உழைத்தார்கள் என்று தெரியும். மற்ற பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன.

மறுபடியும் கேட்கிறேன். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு, அந்தச் சொல்லைப் பற்றி அரைப் பக்கம் போடுங்கள். எழுதித் தர நான் தயார். கையிருப்புப் பிரதிகளில் அந்த வரியின் மேல் ஒட்ட ‘தமிழர் – தமீ லூமியோ’ என்று சீட்டும் அடித்துத் தருகிறேன். எத்தனை பிரதி மிச்சம் என்று மட்டும் சொல்லுங்கள். வரும் ஞாயிறு வகுப்பு முடியும்போது பசையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
கலாவின் அம்மா