சின்னம்மா கேட்ட குரல்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நம் கையாலேயே நமக்கு ஏன் கூச்சம் காட்ட முடியாது என்று சென்ற வாரம் சிறுவர் பக்கத்தில் ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். அதை வாசித்ததும் சின்னம்மாவின் நினைவுதான் வந்தது.

திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருப்பார். திடீரென்று கை நிற்கும். வேலிப் பக்கம் திரும்பி, "பார், திரும்பவும் என்னைப் பேசுறான்" என்பார். வேலியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவருடைய உதடுகள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அதைக் கண்டும் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 2009இல் மகனைப் பறிகொடுத்தவர், அவன்தான் கூப்பிடுகிறான் என்றது ஊர். நூல் கட்டினோம், கழிப்புக் கழித்தோம். இரண்டு வருடம் அப்படியே போனது.

உங்கள் துணுக்கில் வந்த கூச்சத்துக்கும் சின்னம்மா கேட்ட குரலுக்கும் தொடர்பு இருக்கிறது. கையை அசைக்கச் சொல்லி மூளை கட்டளை அனுப்பும்போது, அதன் பிரதி ஒன்றைத் தன்னிடமும் வைத்துக்கொள்கிறது. 1950இலேயே ஹோல்ஸ்ட், மிற்றல்ஸ்ரெட் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் எழுதிய விஷயம் இது. என்ன உணர்வு வரப்போகிறது என்று அந்தப் பிரதியை வைத்து மூளை முன்னதாகவே கணித்துவிடும். வந்தது கணிப்போடு பொருந்தினால், 'இது என் வேலை' என்று உணர்வைத் தணித்துவிடும். அதனால்தான் நம் கை நமக்குக் கூசுவதில்லை. லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோரும் கூட்டாளிகளும் ஒரு கருவியை இடையில் வைத்து, சொந்தத் தொடுகையை நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று பிந்த வைத்தார்கள். பிந்தப் பிந்தக் கூச்சம் கூடியது. அப்புறம், குரல் கேட்கும் மனநோயாளர் சிலருக்குத் தங்கள் தொடுகையும் பிறர் தொடுகையும் ஒரே அளவு கூசியதையும் கண்டார்கள். மனதுக்குள் பேசும் பேச்சிலும் இந்தக் கணிப்புப் பிசகினால், சொந்தப் பேச்சே பிறர் குரலாகக் கேட்கும் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம்.

இறந்தவரின் குரல் துக்கத்தில் ஓரிரு தடவை காதில் விழுவது வேறு, அது நோயல்ல. நாள் முழுக்க ஏசும் குரலுக்கு மருந்து இருக்கிறது. இதை அன்றே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், பூசாரி வீட்டு வாசலில் அந்த இரண்டு வருடமும் சின்னம்மா அழுதுகொண்டு நின்றிருக்க மாட்டார்.

தயவுசெய்து இதைத் துணுக்காக விட்டுவிடாமல் பெரியவர்கள் வாசிக்கும் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். வன்னியில் இன்னும் எத்தனையோ வீடுகளில் நூல்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னம்மா இப்போது மாதம் தவறாமல் கிளினிக் போகிறார். நேற்று ஒரு முழுத் தேங்காயையும் நிறுத்தாமல் திருவி முடித்தார்.

வாசகி ஒருத்தி,
ஒட்டுசுட்டான்