மேசையில் தட்டிக் காட்டுங்கள்: பியானோ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பியானோ கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம். கணக்கால் கட்டிய இசையை மாணவர்களுக்குக் காட்டத் தயங்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பதினாறு வயதில், இரவல் வாங்கிய இசைத்தாள் ஒன்றை என் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். இரண்டு பக்கம் புரட்டினார். “இது கணக்கும்மா, இசை இல்லை” என்று மூடி வைத்துவிட்டார். அன்பானவர்தான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பிறகு பத்து ஆண்டுகள் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

அது இசையமைப்பாளர் லிகெட்டி 1985இல் முடித்த எட்யூட்களின், அதாவது பயிற்சித் துண்டுகளின், முதல் தொகுதியில் வரும் முதல் துண்டு. பெயர் ‘டெஸோர்த்ர்’; பிரெஞ்சில் ஒழுங்கின்மை. வலது கைக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும், இடது கைக்குக் கறுப்புக் கட்டைகள் மட்டும். வாசிப்பது மிகக் கடினம். தேர்ந்த கலைஞர்களே திணறுவார்கள். ஆனால் அதன் கணக்கை எந்தப் பிள்ளையும் மேசையில் தட்டிவிடலாம்.

இரு கைகளாலும் எட்டு எட்டாகத் தட்டச் சொல்லுங்கள். முதல் எட்டில் மூன்றும் ஐந்தும். ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். இரண்டாம் எட்டும் அப்படியே. மூன்றாவதில் ஐந்தும் மூன்றும். நான்காவதில் இடது கை எட்டையும் முடிக்கட்டும். வலது கை ஏழோடு நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கட்டும். இடது கைக்குச் சுற்று 32 தட்டு, வலது கைக்கு 31. அடுத்த சுற்றில் வலது கையின் அழுத்தம் ஒரு தட்டு முந்திக்கொள்ளும், அதற்கடுத்து இரண்டு, பிறகு மூன்று. ஒன்றாய் நடந்த கைகள் பிரிந்துபோவதை அந்தப் பிள்ளை தன் விரல்களிலேயே உணரும். லிகெட்டிக்கு ஃபிராக்டல் வடிவங்களில் (பகுதியும் முழுமையைப் போலவே இருக்கும் வடிவங்கள்) ஆர்வம் இருந்தது உண்மைதான். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே கழித்தல் தெரிந்தால் போதும்.

எல்லாப் படைப்பும் இப்படிக் காதுக்குப் பிடிபடாது. பொறியியல் படித்த இசையமைப்பாளர் ஸெனாகிஸ், 1961இல் முடித்த ‘ஹெர்மா’ என்ற பியானோ துண்டில் 88 கட்டைகளையும் கணக்குப் பாடத்தில் வரும் ஒரு கணமாகக் (set) கொண்டு, அதில் மூன்று உட்கணங்களைப் பிரித்து, பள்ளியில் நாம் போட்ட அதே சேர்ப்பு, வெட்டு, நிரப்பிகளால் முழுத் துண்டையும் கட்டினார். கேட்கும்போது ‘இது வெட்டுக்கணம்’ என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. எனக்குக் கேட்பதெல்லாம் ஒலிகள் நெருங்குவதும் சிதறுவதும்தான். அதுவே என்னை உட்காரவைக்கிறது. மாணவர்களிடமும் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நான் கேட்பது ஒரு வகுப்பில் பத்து நிமிடம். தட்டி முடித்த கையோடு ‘டெஸோர்த்ர்’ பதிவைப் போடுங்கள். எந்த இடத்தில் கைகள் பிரிகின்றன என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவி