கோடை சூடாம் சரி, தண்ணி? ஊர்ச்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவில ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் நடத்துற அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

கோடை ஒன்றுகூடலுக்கு இடமும் திகதியும் பாக்கிற நேரம் இது. எங்கட குறூப்பில போன கிழமை ஒரு மெப் வந்தது, ஜூன் ஜூலை ஓகஸ்ட் மூண்டு மாசத்துக்குமான எதிர்வுகூறல், ஜோர்ஜியன் பே, ஹியூரன் லேக் பக்கம் எல்லாம் சிவப்பு. அதுக்குக் கீழ வந்த மெசேஜ் எல்லாம் ஒண்டுதான், இந்தமுறை நல்ல வெக்கையாம், அப்ப ஜூன் முதல் கிழமையே ஜோர்ஜியன் பே கரையில இருக்கிற வசாகா பீச்சில வைப்பம், பிள்ளையள் தண்ணியில விளையாடட்டும் எண்டு. அதை வாசிச்ச நேரம் தொட்டு மனசு சரியில்லை, அதுதான் எழுதுறன்.

முதல்ல அந்தச் சிவப்பு என்ன சொல்லுது எண்டு பாப்பம். ஒரு முப்பது வருஷக் கோடையளை எடுத்து குளிரானது, வழமையானது, சூடானது எண்டு மூண்டு பங்காப் பிரிக்கினம். இந்த வருஷம் சூடான பங்குக்குள்ள விழ எவ்வளவு வாய்ப்பு எண்டதுதான் அந்த நிறம். 60 வீதம் எண்டா பத்துக்கு நாலு தரம் அப்பிடி நடக்காது எண்டும் அதுக்குள்ளேயே இருக்கு. அதோட அது மூண்டு மாசத்தின்ர சராசரி, நீங்கள் வைக்கப்போற சனிக்கிழமையைப் பற்றி அதில ஒரு சொல்லும் இல்லை. மழைக்கான மெப் இன்னும் பலவீனம், கோடை மழையில கனக்க இடியோட உள்ளூரில கட்டிப் பெய்யிறது, அதை மூண்டு மாசத்துக்கு முதல் ஆராலயும் சொல்லேலாது.

எண்டாலும் நான் சொல்ல வந்தது மெப்பைப் பற்றி இல்லை, தண்ணியைப் பற்றி. அந்த மெப் காத்தின்ர சூட்டைத்தான் காட்டுது, தண்ணியின்ர சூட்டை இல்லை. நாங்கள் தண்ணியைப் பழகினது காரைநகர் கசூரினாவில, பருத்தித்துறையில. அங்க வருஷம் முழுக்கக் கடல் வெதுவெதுப்புத்தான், வெயில் எறிச்சா தண்ணியும் சூடு, எங்கட உடம்புக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். இங்க அந்தக் கணக்குப் பிழைக்கும். ஜோர்ஜியன் பேயில 150 மீற்றருக்கு மேல ஆழமான இடங்கள் இருக்கு, மாரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த அவ்வளவு தண்ணியும் சூடேற மாசக்கணக்கில எடுக்கும், மே கடைசியில வெளியில 30 பாகை அடிச்சாலும் கரையை விட்டுத் தள்ளிப்போனா தண்ணி 10 பாகைக்குக் கீழ நிக்கும். ஜூலை கடைசி, ஓகஸ்ட்தான் தண்ணிக்கு உண்மையான கோடை. 2014இல ஹியூரன், சுப்பீரியர் எல்லாம் சேர்ந்த பெருவாவிகளில 90 வீதத்துக்கு மேல ஐஸ் மூடினது, அந்த வருஷம் சுப்பீரியர் லேக்கில ஜூன் மாசமும் ஐஸ் மிதந்தது.

அந்தக் குளிருக்குள்ள திடீரெண்டு விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு எங்கட சொல்லுக் கேக்காது, தன்பாட்டில வாயைத் திறந்து இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா இழுக்கிறது தண்ணியைத்தான். அதைத் தாண்டினாலும் பத்து நிமிஷம் மட்டில கை கால் சோந்துபோகும், நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆளுக்கும் இதுதான். வசாகாவும் கசூரினா மாதிரி கனதூரம் ஆழமில்லாத மணல், 14 கிலோமீற்றர் நீளம், பாக்க வடிவு, அதாலதான் எனக்குக் கூடப் பயம், கரையில கால் நனைக்கேக்க தண்ணி பரவாயில்லை எண்டு பிள்ளையள் உள்ளுக்க போவினம்.

காத்து எந்தப் பக்கத்தால வீசுது எண்டதும் பெரிய விசயம். எங்கட கடற்கரைச் சனம் வாடை, சோளகம், கொண்டல் எண்டு பேர் வைச்சு, அதைப் பாத்துத்தான் வள்ளம் இறக்கிறது. இங்க தரையில இருந்து லேக் பக்கம் காத்து வீசிற நாளில கரையில அலையே இராது, கண்ணாடி மாதிரி இருக்கும், பாத்தா பாதுகாப்பு எண்டு தோணும். ஆனா அந்தக் காத்து மேல இருக்கிற சூட்டுத் தண்ணியை வெளியில தள்ள அடியில இருக்கிற குளிர்த்தண்ணி மேல வரும், ஓகஸ்டில கூட ஒருநாளைக்குள்ள தண்ணி பத்துப் பாகை வரைக்கும் இறங்கலாம். காத்து நிரப்பின விளையாட்டு மிதவையில பிள்ளை இருந்தா அதையும் அந்தக் காத்துத்தான் கொண்டுபோகும்.

இது நான் கண்ணால கண்டது. சில வருஷத்துக்கு முதல் ஒரு ஒன்றுகூடல், எது எண்டு சொல்லேல்லை. ஒரு பக்கம் ஒடியல் கூழ் கொதிக்குது, மற்றப்பக்கம் தேசிக்காய் ஓட்டம், ஒரு ஒன்பது வயசுப் பெடியன் பிளமிங்கோ மிதவையில ஏறி இருந்தவன், நாங்கள் திரும்பிப் பாக்கேக்க ஒரு பொட்டு மாதிரித் தூரத்தில தெரியிறான். கயாக்கில போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை பிடிச்சுக்கொண்டு வந்தா. தாய் அண்டைக்கு முழுக்க ஒரு கதையும் கதைக்கேல்லை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக் கடற்கரையளில உயிர்காப்பாளர் இல்லை எண்டது அண்டைக்கு எங்களில முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இடியையும் சொல்லவேணும். லேக் காத்து உள்ளுக்க வந்து நிலத்துச் சூட்டுக்காத்தோட முட்டிற இடத்தில மத்தியானத்துக்குப் பிறகு மேகம் கட்டும், காலமை நீலமா இருந்த வானம் மூண்டு மணிக்குக் கறுக்கும். 2022 மே 21, விக்ரோரியா நாள் லோங் வீக்கெண்ட் சனிக்கிழமை, சார்ணியாப் பக்கத்தில இருந்து ஒட்டாவா தாண்டிப் போன புயலை நினைச்சுப் பாருங்கோ, மரம் விழுந்தே ஆக்கள் செத்தவை, எங்களுக்கு மேல இருக்கிற அக்ஸ்பிரிட்ஜில சுழல்காத்தும் அடிச்சது. கூடாரம் இடிக்குப் பாதுகாப்பில்லை, மரத்தடி அதைவிட மோசம். இடி கேட்டா எல்லாரும் காருக்குள்ள, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் வரைக்கும். கயிறிழுத்தல் இறுதிப்போட்டி நடந்தாலும் விட்டுட்டுப் போகவேணும், அதைச் சொல்லிற அதிகாரம் உள்ள ஒரு ஆள் அண்டைக்கு வேணும்.

அதைத்தான் கேக்கிறன். சாப்பாட்டுக்கு ஒரு குழு, விளையாட்டுக்கு ஒரு குழு போடுற மாதிரி காலநிலைக்கு ஒரு ஆளைப் போடுங்கோ. ரெண்டு நாளைக்கு முதல் லேக்குக்கெண்டு வாற கடல்சார் எதிர்வுகூறலையும் லேக்கில நிக்கிற அளவீட்டு மிதவையள் அனுப்பிற தண்ணி வெப்பத்தையும் அவர் பாக்கட்டும். 2023 ஜூனில புகை வந்த மாதிரி வந்தா காத்துத் தரச் சுட்டெண் 7ஐத் தாண்டின உடன ஆஸ்துமாப் பிள்ளையளையும் வயசானவையையும் வீட்ட நிப்பாட்டச் சொல்லட்டும். ரிக்கற் காசில கொஞ்சம் எடுத்து சின்னப் பிள்ளையளின்ர அளவுக்கு லைஃப் ஜக்கற் வாங்கி வையுங்கோ, ஒருக்கா வாங்கினா கனகாலம் பாவிக்கலாம். பிளமிங்கோ, டோனற் மிதவையளை நீச்சல் குளத்தோட விடச் சொல்லி அறிவித்தலிலேயே போடுங்கோ.

எங்கட சங்கத்துக்கு நான் இந்த வேலையைச் செய்யிறன் எண்டு பேர் குடுத்திட்டன். பூங்கா புக் பண்ண முதல் திகதியை ஜூலை கடைசிக்கோ ஓகஸ்டுக்கோ மாத்தேலுமோ எண்டு வாற கூட்டத்தில நீங்களும் எடுத்துக் கதையுங்கோ.